கை நுழையாத இடம்

என் அக்காவின் கணவரை அவர் வேலை செய்யும் பட்டறையில் பம்பரம் என்று கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். கோபித்துக்கொள்வதற்கும் ஓரிடத்தில் நிற்க வேண்டுமே, அதற்கு அவருக்கு நேரம் ஏது?

எனக்கு அவர் அத்தான். அக்கா வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். இருபத்தேழு வருடமாகப் பார்க்கிறேன், அந்த மனிதர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் கண்டதில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் நடப்பார். ஒருமுறை முடிவெட்டும் கடையில் பாதித் தலை முடிந்திருந்தபோது, தெருவில் போன ஏதோ ஒரு வண்டியின் சத்தம் சரியில்லை என்று எழுந்து ஓடிவிட்டார். கழுத்தில் கட்டிய துணியோடு அந்த வண்டியின் பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். அன்றிலிருந்து அந்தக் கடைக்காரர் இவரைக் கடைசி ஆளாகத்தான் நாற்காலியில் உட்கார வைக்கிறார்.

தகரக் கூரை போட்ட பட்டறை அது. நான்கு வண்டிகள் நிற்கலாம். எஞ்சின் கொதித்துப் போய் வருகிற வண்டியெல்லாம் அத்தானிடம்தான் வரும். கீழே சொட்டியிருப்பதை விரலால் தொட்டு மோந்து பார்த்தே, அது வெறும் தண்ணீரா, எஞ்சினைக் குளிர வைக்கிற பச்சைக் கூலண்டா, எந்தப் பக்கமிருந்து ஒழுகியது என்று சொல்லிவிடுவார். கைராசிக்காரர்தான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் எல்லாவற்றிலும் அவசரம். தெர்மோஸ்டாட் என்று ஒன்று இருக்கிறது. எஞ்சினுக்குள் தண்ணீர் போகிற வழியில் இருக்கும் சின்னக் கதவு. எஞ்சின் சூடாகும்வரை மூடியிருக்கும், சூடானதும் திறக்கும். தன்னிடம் வரும் பழைய வண்டிகளில் முதல் காரியமாக அத்தான் அதைக் கழற்றி எறிந்துவிடுவார். "இது எதுக்கு? தண்ணி பாட்டுக்கு ஓடட்டும்" என்பார். அது திறக்கும்வரை பக்கத்தில் நின்று காத்திருக்க அவரால் முடியாது, அதுதான் உண்மை. அவருடைய சொந்த வண்டியிலும் அது பதினைந்து வருடமாகக் கிடையாது.

அந்தச் சொந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாம்பல் நிறம், இருபத்துமூன்று வயது. ஊரார் வண்டியெல்லாம் பார்க்கிறவருக்குத் தன் வண்டியைப் பார்க்க மட்டும் ஒழியாது. இங்கே ஒரு டேப், அங்கே ஒரு கம்பி, நடுவில் ஒரு குடம் தண்ணீர் என்று ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அக்கா மகளுக்கு நர்ஸிங் கல்லூரி நுழைவுத் தேர்வு. பதினெட்டு வயதுப் பெண், ஒரு வருடமாகக் கண் விழித்துப் படித்தவள். அந்த வண்டியில்தான் கூட்டிப் போனார். பாதி வழியில் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற ரப்பர் குழாய், மேல் ஹோஸ், வெடித்திருந்தது. "அஞ்சு நிமிஷம்" என்றார். டேப் சுற்றினார், தண்ணீர் ஊற்றினார், கிளப்பினார், அது பிய்ந்தது. மறுபடியும் அஞ்சு நிமிஷம். ஒரு பேருந்து போனது, இன்னொன்று போனது. அவள் பள்ளிக்கூடத்து வாத்தியாரே காரை நிறுத்தி, "பொண்ண நான் கொண்டு போய் விடட்டுமா?" என்று கேட்டார். "வேணாங்க சார், முடிஞ்சிருச்சு, அஞ்சு நிமிஷம்" என்று அவரையும் அனுப்பிவைத்தார் இந்த மகானுபாவர். போய்ச் சேர்ந்தபோது வாசல் கதவைப் பூட்டிவிட்டார்கள். அவள் அழவில்லை. திரும்பிப் பேருந்தில் தனியாக வந்தாள்.

அன்றிலிருந்து அவள் அந்த வண்டியில் கால் வைக்கவில்லை. அப்பாவோடு சண்டையென்று சொல்ல முடியாது. சாப்பிட்டீங்களா என்று கேட்பாள், காய்ச்சல் என்றால் மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். ஆனால் கொட்டுகிற மழையில் பேருந்து நிறுத்தத்தில் அவள் நனைந்துகொண்டிருக்க, அத்தான் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு கண்ணாடியை இறக்கிப் பார்ப்பார். அவள் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வீட்டுக்கு வந்ததும் அவர் தெருவையும் கூடத்தையும் மாற்றி மாற்றி அளப்பார். அக்கா அடுப்படியில் பாத்திரத்தை வேகமாக வைப்பாள். மாடியில் எனக்கு எல்லாம் கேட்கும்.

நர்ஸிங் போனது. அவள் ரத்தப் பரிசோதனைப் படிப்பு படித்து, எங்கள் தெருமுனையில் உள்ள சின்னப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். இந்த வருடத் தொடக்கத்தில் வேறொரு ஊரிலுள்ள பெரிய மருத்துவமனையிலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. தொண்ணூற்றைந்து கிலோமீட்டர். காலை ஒன்பதரைக்குள் உள்ளே போயாக வேண்டும். முதல் பேருந்தே பத்து மணிக்குத்தான் போய்ச் சேரும். அவள் வாடகைக் காருக்குச் சொல்லிவைத்தாள்.

அன்று சாயங்காலம் நான் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் மகளின் அறைக்கு முன்னால் நாலு தடவை நடந்தார். பிறகு, சொந்த வீட்டில், சொந்த மகளின் கதவைத் தட்டினார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க ஒன்றும் இல்லாதபோதும்.

"நான் கொண்டு போய் விடட்டுமா?"

அவள் அவரை வெகுநேரம் பார்த்தாள்.

"சித்தியும் வரணும்" என்று என்னைக் காட்டினாள். "வழியில நின்னா நான் வேற வண்டியில போயிடுவேன்."

"நிக்காதும்மா."

"நின்னா."

"சரிம்மா."

மறுநாளே பட்டறையில் பத்து நாள் விடுப்புச் சொல்லிவிட்டார். வாசலில் வண்டியை நிறுத்தி, அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து வைத்தார். காலையில் பார்த்தால் மூன்று இடத்தில் பச்சைக் கறை. முன்னால் ஒன்று, ரேடியேட்டரின் தையல் விட்டிருந்தது. நடுவில் ஒன்று, கீழ் ஹோஸின் கிளாம்ப் இருக்கும் இடம். பெல்ட் பக்கம் ஒன்று, வாட்டர் பம்ப். ஊரார் வண்டியென்றால் தையலில் பசை வைத்து, கிளாம்பை முறுக்கி, போய்ட்டு வாங்க என்று அனுப்பியிருப்பார். இப்போது ரேடியேட்டர், பம்ப், மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், மூடி எல்லாம் புதிதாக வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு சின்ன டப்பாவும் இருந்தது. திறந்து பார்த்தேன், தெர்மோஸ்டாட்.

"என்ன அத்தான், தூக்கிப் போடுற சாமான வாங்கிட்டு வந்திருக்கீங்க?"

"செஞ்சவன் எப்படிக் குடுத்தானோ அப்படியே இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அப்போதுதான் அவர் எவ்வளவு பயந்து போயிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

அதை மாட்டுவதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். நூலில் கட்டி, அக்கா பால் காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீர் வைத்துத் தொங்கவிட்டார். தண்ணீர் சூடானதும் அந்தக் கதவு திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுப்பின் முன்னால் நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அவர் வாசலுக்குப் போய் ஒரு போல்ட்டைப் பார்த்துவிட்டு வருவதற்குள் அது திறந்துவிட்டது. ஆற வைத்து மறுபடியும் போட்டார், பெல்ட்டைப் பார்த்துவிட்டு வந்தார், அதற்குள் திறந்துவிட்டது. மூன்றாம் தடவை அக்காவே கரண்டியோடு நின்று பார்த்தாள்.

"தொறந்துச்சுங்க" என்று கத்தினாள். "இனிமே இந்தப் பாத்திரத்துல பால் காய்ச்சுனா நீங்களே குடிச்சுக்கோங்க."

ஐந்தாம் நாள் எனக்கும் அவருக்கும் வாய்த்தகராறு. நான் மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டுக் கால் வலியோடு வந்திருந்தேன். பம்ப் உட்காரும் இடத்தில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட் அட்டையை அவர் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டிக்கொண்டே, "அந்த மேல் ஹோஸ் மட்டும் அன்னைக்குப் போகாம இருந்திருந்தா இந்நேரம் அவ நர்ஸ்" என்றார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"ஹோஸ் போனதுக்கு அவ கோபப்படல அத்தான். அந்த வாத்தியார் வந்து கேட்டாரே, அவரோட அனுப்பியிருந்தா அரை மணி நேரத்துல போயிருப்பா. நீங்க அனுப்பல. அதத்தான் அவளால மறக்க முடியல. என்கிட்டயே சொல்லியிருக்கா."

"ரப்பர் பழசாயிருச்சு அன்னைக்கு."

"நான் ரப்பரச் சொல்லல."

அவர் சுரண்டுகிற சத்தம் வேகமாகியது. கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேனோ என்று மாடிக்குப் போனபின் தோன்றியது. ஆறு வருடமாக அவர் வண்டியைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். அதையும் நான் பிடுங்கிக்கொண்டேன்.

எட்டாம் நாள் எல்லாம் மாட்டி முடிந்தது. எஞ்சினுக்குப் பின்னால், நாம் உட்காரும் இடத்தை மறைக்கிற தகரச் சுவரை ஒட்டினாற்போல ஒரு சின்ன ஹோஸ் மட்டும் பாக்கி. விரல் நீளம்தான் இருக்கும். அந்த இடத்தில் கை நுழையாது. அதை மாற்ற வேண்டுமென்றால் மேலே இருக்கிற பாதி சாமானைக் கழற்றி வைக்க வேண்டும், முழுசாக ஒரு நாள் வேலை. அத்தான் கையை வளைத்து வளைத்து விட்டு, இரண்டு விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார்.

"கல்லு மாதிரி இருக்கு" என்றார்.

"மாத்தலையா?"

"இத்தனை வருஷம் ஒழுகாதது இப்பவா ஒழுகப்போகுது?"

ரப்பர் கல்லாகிவிட்டது என்றால் அது செத்துவிட்டது என்று அர்த்தம். அதைப் பட்டறையில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். நாளும் இரண்டு பாக்கியிருந்தது. ஆனால் அவர் கால்கள் ஏற்கெனவே சோதனை ஓட்டத்துக்குக் கிளம்பிவிட்டன.

அதற்கு முன்னால் தண்ணீர் ஓடும் வழியில் தங்கிவிட்ட காற்றை எடுக்க வேண்டும். மூடியைத் திறந்து வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, குமிழ் வருவது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் வண்டியைச் சுற்றி நடந்தார். நான் மாடிச் சுவரில் சாய்ந்து எண்ணினேன், நாற்பத்தோரு சுற்று. ஆனால் மூடியை முன்கூட்டி மூடவில்லை. அதற்காகவே அவரை மெச்ச வேண்டும். பிறகு ஊரைச் சுற்றி முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தார். அட்டையில் ஒரு சொட்டு இல்லை.

அந்த நாளும் வந்தது. காலை ஆறேமுக்காலுக்குக் கிளம்பினோம். நான் முன்னால், அக்கா மகள் பின்னால். ஆறு வருடம் கழித்து அவள் அந்தக் கதவைத் திறந்து ஏறியபோது அத்தான் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டார். அவர் முகத்தை நான் பார்த்தேன், பார்க்காதவள்போல இருந்துவிட்டேன். அவள் மடியில் சான்றிதழ் பையை வைத்துக்கொண்டாள். நல்ல குளிர், அதனால் ஹீட்டரைப் போடச் சொன்னேன்.

அத்தான் சாலையைப் பார்த்ததைவிடச் சூடு காட்டும் முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்று இரண்டு தடவை சொன்னேன். இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, அடியில் குனிந்து பார்த்துவிட்டு ஏறினார். மூன்றாம் முறை நிறுத்தியபோது பின்னாலிருந்து அவள், "அப்பா, போதும்" என்றாள். அதற்குமேல் அவர் நிறுத்தவில்லை. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

அறுபத்தைந்து கிலோமீட்டர் தாண்டியிருப்போம். நடுவில் இருந்த முள் சட்டென்று கீழே இறங்கியது. அத்தான் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"பாத்தியா? தெர்மோஸ்டாட் தொறந்துருச்சு. எப்படிக் கூலாயிருச்சு பாரு."

பதினைந்து வருடமாக அது இல்லாமலே ஓட்டியவர். அது இருந்தால் முள் எப்படி நடந்துகொள்ளும் என்று அவருக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது? இருக்கையில் சாய்ந்துகொண்டார். அவர் முதுகு அந்த இருக்கையில் படுவதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"அப்பா," என்றாள் பின்னாலிருந்து. "ஹீட்டர்ல சில்லுனு காத்து வருது."

அத்தான் கையை நீட்டி, காற்று வரும் இடத்தில் வைத்துப் பார்த்தார். சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஹீட்டருக்குச் சூடு கொடுப்பதே எஞ்சினுக்குள் ஓடும் தண்ணீர்தான். சூடு காட்டும் முள்ளும், அந்தத் தண்ணீர் தன்னைத் தொட்டால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீரே இல்லையென்றால் அது பாவம், எல்லாம் குளிர்ச்சி என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார். பானெட்டைத் திறந்தால் பின்பக்கமெல்லாம் பச்சை. அந்தச் சின்ன ஹோஸ்தான். முன்பெல்லாம் உள்ளே ஏறும் அழுத்தம் எல்லா ஓட்டை வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. இவர் ஒவ்வொன்றாக அடைத்துப் புதிதாக்கினார். மிச்சமிருந்த ஒரே பழசில் மொத்த அழுத்தமும் போய் உட்கார்ந்து அதைப் பிளந்துவிட்டது.

மணி எட்டு நாற்பது. இன்னும் முப்பது கிலோமீட்டர். முன்னாலும் பின்னாலும் ஆள் நடமாட்டமில்லை.

அத்தானின் கை டிக்கியில் இருந்த கருவிப் பைக்குள் போய்விட்டது. ஸ்பேனரும் டேப்பும் வெளியே வந்துவிட்டன. "அஞ்சு..." என்று அவர் வாய் ஆரம்பித்தது. அக்கா மகள் கீழே இறங்கி, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். நான் பேச வேண்டியதை எல்லாம் ஐந்தாம் நாளே பேசியாகிவிட்டது.

அவர் ஸ்பேனரைத் தரையில் போட்டார். நேராக நடுச்சாலைக்குப் போய், வந்துகொண்டிருந்த ஒரு முட்டை வேனுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். வேன்காரர் பிரேக் போட்டுவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

"சாகறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா? உள்ள ஆறாயிரம் முட்டை இருக்குய்யா."

"என் பொண்ணுங்க" என்றார் அத்தான். மூச்சு வாங்கியது. "ஒம்பதரைக்கு அவ ஆஸ்பத்திரியில இருக்கணும். நான் கொண்டு போய் விடுறேன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். என்னால முடியல. நீங்க கொண்டு போய் விட்டுருங்க."

வேன்காரர் அவரைப் பார்த்தார், திறந்து கிடந்த பானெட்டைப் பார்த்தார், பையோடு நின்ற பெண்ணைப் பார்த்தார். "ஒருத்தர்தான் உக்கார முடியும்" என்றார். என்னால் போக முடியாது. அவள் ஏறிக்கொண்டாள். "வேகமா போங்க" என்றார் அத்தான். "முட்டைய வச்சுக்கிட்டு எங்க வேகமா போறது" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் வேனைக் கிளப்பினார்.

அதன்பிறகு அத்தான் நடந்த நடை இருக்கிறதே. அந்தப் புளியமரத்துக்கும் இந்த மைல்கல்லுக்கும் நடந்தார். "அவரு மெதுவா ஓட்டுவாரு" என்பார். "ஆஸ்பத்திரிக் கேட்டைச் சாத்திட்டா?" என்பார். "நீயாவது கூடப் போயிருக்கலாம்" என்பார். "முட்டை மேலயா உக்காந்துட்டுப் போகச் சொல்றீங்க?" என்றேன். நானும் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்பது பத்து, ஒன்பது இருபது. வண்டியின் பக்கமே அவர் போகவில்லை. டேப்பும் ஸ்பேனரும் அவர் போட்ட இடத்திலேயே கிடந்தன.

ஒன்பது இருபத்தேழுக்கு அவருடைய கைபேசி அடித்தது. காதெல்லாம் கிரீஸ் ஆகிறதென்று அவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அதனால் எனக்கும் கேட்டது.

"உள்ள வந்துட்டேன்ப்பா. பேர் எழுதிக்கிட்டாங்க."

அத்தான் தலையை ஆட்டினார், அவள் பார்க்கிற மாதிரி.

"மூணு மணிக்கு முடிஞ்சிரும்" என்றாள். "கூப்பிட வந்துருவீங்களா?"

வந்துடறேம்மா, இதோ, என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். நான் அறிந்த நாளாக அவர் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பாதிச் சண்டை எங்கள் வீட்டில் நடந்திருக்காது. அவர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"முடியாதும்மா. பின்னாடி ஹோஸ் போயிருச்சு. அத நான் மாத்தியிருக்கணும், மாத்தல. இங்க வச்சு செய்ய முடியாது. நீ பஸ்ல போயிரு."

அந்தப் பக்கம் யாரோ யாரையோ வரிசையில் நிற்கச் சொல்லும் குரல் கேட்டது.

"அன்னைக்கும் இத மட்டும் சொல்லியிருந்தா போதும்ப்பா" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"ஆமாம்மா" என்றார் அத்தான். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொள்ளவும் இல்லை, என்னிடம் மறைக்கவும் இல்லை.

"பஸ் அந்த வழியாத்தான வரும்? நான் அங்கயே எறங்கிக்கிறேன். சேந்து போவோம்." யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். "என் வரிசை வருது, நான் போறேன். எங்கயும் போயிடாதீங்க, அங்கயே இருங்க."

"இருக்கேம்மா" என்றார் அத்தான்.